டிராப் டியூப் ஃபர்னஸில் தால்ச்சர் + இந்தோனேசிய நிலக்கரிக் கலவை: ப்ரோப்பில் படியும் சாம்பல் ஒருமுறை போல மறுமுறை வருவதில்லை

கரித்தூள் எழுதியது:

வணக்கம். கடலோர அனல்மின் நிலையங்களில் தால்ச்சர் கரியோடு இந்தோனேசியக் கரியையும் கலந்து எரிக்கிறார்கள். கலவை விகிதம் மாறும்போது ஸ்லாகிங் (இளகிய சாம்பல் உலைச் சுவரிலும் குழாயிலும் ஒட்டிப் படிவது) எப்படி மாறுகிறது என்று ஆய்வகத்தில் டிராப் டியூப் ஃபர்னஸில் (மேலிருந்து விழும் தூளை விழும்போதே எரிக்கும் குழாய் உலை) பார்ப்பதுதான் வேலை. விவரம் இது:

உலை: நின்ற அலுமினா குழாய், உள்விட்டம் 70 மிமீ, சூடான பகுதி 1.5 மீட்டர், சிலிக்கன் கார்பைடு ஹீட்டர், மூன்று மண்டலம். மூன்றையும் 1400 டிகிரியில் வைக்கிறோம்.
காற்று: பிரைமரி (தூளைச் சுமந்து வருவது), செகண்டரி (எரிய வேண்டிய மிச்சம்) சேர்த்து நிமிடத்துக்கு 15 நார்மல் லிட்டர் (0 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்தில்).
கரி: ஒடிசாவின் தால்ச்சர் (சாம்பல் 40 சதவீதம், கிலோவுக்குச் சுமார் 3500 கிலோகலோரி), இந்தோனேசியா (காற்றில் உலர்த்தியபின் சாம்பல் 5 சதவீதம், சுமார் 5000 கிலோகலோரி). 70:30, 50:50 கலவைகள் (தால்ச்சர் முதலில்). எல்லாவற்றுக்கும் ஃபீடு நிமிடத்துக்கு 2 கிராம். சின்ன ஸ்க்ரூ ஃபீடர் (திருகு சுற்றித் தூளைத் தள்ளும் கருவி).
ப்ரோப் (பாய்லர் குழாய்க்குப் பதிலாக, சாம்பல் படிவதைப் பார்க்க உலைக்குள் வைப்பது): 16 மிமீ எஸ்எஸ் குழாய், உள்ளே காற்று ஓட்டிக் குளிர்விக்கிறோம், மேற்பரப்பு 550 டிகிரி. ஒவ்வொரு ஓட்டமும் 45 நிமிடம்.

பிரச்சினை மூன்று. சேகரித்த சாம்பலில் கார்பன் ஒரே கரிக்கே 3 சதவீதத்திலிருந்து 11 வரை ஆடுகிறது. தனி இந்தோனேசியக் கரியில் ப்ரோப்பில் படிவு கண்ணுக்கே தெரிவதில்லை. ஆனால் நிலையத்தில் இருப்பவர்கள் அந்தக் கரி கூடினால்தான் கிளிங்கர் (இறுகிய சாம்பல் கட்டி) விழுகிறது என்கிறார்கள். மூன்றாவது, 50:50 கலவையில் படிவின் எடை ஓட்டத்துக்கு ஓட்டம் இரண்டு மடங்கு வரை வித்தியாசப்படுகிறது.

பேசாமல் கலவைச் சாம்பலின் உருகுநிலையை ஐஎஸ்ஓ 540 முறையில் (சாம்பல் வார்ப்பைச் சூடாக்கி அது இளகி உருகுவதைப் பார்ப்பது) எடுத்து அதோடு முடித்துக்கொள்ளலாமா?

---

உலைவாசல் எழுதியது:

உருகுநிலையோடு முடிக்காதீர்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு உங்கள் எண்களைப் பார்த்தால், நீங்கள் ஒப்பிடுவது கரியை இல்லை, வெவ்வேறு உலை நிலைகளை.

முதலில் காற்றுக் கணக்கு. ஆயிரம் கிலோகலோரிக்குச் சுமார் 1.35 கிலோ காற்று என்று வைத்தால், தால்ச்சருக்கு ஒரு கிராமுக்கு 3.65 நார்மல் லிட்டர், இந்தோனேசியாவுக்கு 5.2 லிட்டர் வேண்டும். இரண்டுக்கும் 2 கிராம் என்று வைத்திருப்பதால், தால்ச்சர் ஓட்டத்தில் மிகைக்காற்று (எரியத் தேவையானதற்கு மேல் தரும் காற்று) 100 சதவீதத்துக்கு மேல், வெளியேறும் ஆக்சிஜன் 11 சதவீதத்துக்குப் பக்கம். இந்தோனேசியாவில் மிகைக்காற்று 44 சதவீதம், ஆக்சிஜன் 6 சொச்சம். பாய்லரில் இரண்டுக்குமே 3.5 சதவீதம் ஆக்சிஜனில்தான் ஓட்டுவார்கள். இரும்பு எந்த நிலையில் இருக்கிறது, சாம்பல் எவ்வளவு ஒட்டும் என்பதெல்லாம் ஆக்சிஜனைப் பொறுத்தது. அதனால் ஃபீடை மாற்றாமல் வைக்காதீர்கள், மிகைக்காற்றை மாற்றாமல் வையுங்கள். 15 லிட்டரில் 20 சதவீதம் மிகை வேண்டுமென்றால் தால்ச்சர் நிமிடத்துக்கு 3.4 கிராம், இந்தோனேசியா 2.4 கிராம்.

இப்போது சாம்பல் எவ்வளவு போகிறது பாருங்கள். தால்ச்சரில் நிமிடத்துக்கு 1.36 கிராம். இந்தோனேசியாவில் 0.12 கிராம். பதினோரு மடங்கு வித்தியாசம். 45 நிமிடத்தில் இந்தோனேசியக் கரி உலைக்குள் கொண்டுவரும் மொத்தச் சாம்பலே 5.4 கிராம். உங்கள் 16 மிமீ குழாய், 70 மிமீ குறுக்கே நிற்கும்போது, குழாயின் பரப்பில் 29 சதவீதத்தை மறைக்கிறது. அப்படியானால் ப்ரோப்பை நோக்கி வருவது அதிகபட்சம் ஒன்றரை கிராம். அதில் சில சதவீதம் ஒட்டினாலும் சில பத்து மில்லிகிராம்தான். முழு ப்ரோப்பையும் தராசில் வைத்தால் அது தெரியவே தெரியாது. ப்ரோப்பின் மேல் கழற்றி மாட்டும் வளையம் ஒன்று செய்யுங்கள், 10-15 கிராம் எடைக்குள் இருக்கட்டும், 0.1 மில்லிகிராம் தராசில் எடை போடலாம். வளையத்தை ஓட்டத்துக்கு முன்பே 600 டிகிரி காற்றில் ஓர் இரவு வைத்து ஆக்சைடு ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எஃகு துருவேறிய எடையும் படிவு எடையோடு சேர்ந்துகொள்ளும்.

முடிவைச் சொல்லும்போது மில்லிகிராம் என்று சொல்லாமல் பிடிப்பு விகிதமாகச் சொல்லுங்கள்: படிந்த எடையை, அதே நேரத்தில் வளையத்தின் முகப்புப் பரப்பை நோக்கி வந்த சாம்பலால் வகுப்பது. கூடவே வெப்பத்தின் அடிப்படையிலும் ஒரு பத்தி போடுங்கள். ஒரு மெகாஜூலுக்குத் தால்ச்சர் 27 கிராம் சாம்பல் தருகிறது, இந்தோனேசியா 2.4 கிராம். நிலையத்து ஆட்களுக்கு இரண்டாவது பத்திதான் புரியும்.

ஒரே அளவு சாம்பல் கடந்தபின் ஒப்பிட வேண்டுமானால், இந்தோனேசியாவை 3 மணி நேரம், தால்ச்சரை 16 நிமிடம் ஓட்டுங்கள். இரண்டிலும் சுமார் 21.6 கிராம் சாம்பல் கடந்திருக்கும்.

அடுத்து ஃபீடர். கார்பன் 3-லிருந்து 11 வரை ஆடுவதற்கு இதுதான் காரணம் என்று பந்தயமே கட்டலாம். 2 கிராம் ஓட்டத்தில் ஸ்க்ரூ நிமிடத்துக்குப் பத்துச் சுற்று சுற்றுகிறது என்றால் ஆறு விநாடிக்கு ஒருமுறை 0.2 கிராம் சொத்தென்று விழும். அது ஒரு விநாடியில் விழுந்துவிட்டால் அந்த விநாடிக்கு ஃபீடு நிமிடத்துக்கு 12 கிராம், தேவையான காற்று 44 லிட்டர். உங்களிடம் இருப்பது 15. உங்கள் குழாயில் துகள் தங்கும் நேரமே இரண்டு விநாடிதான். அதற்குள் அந்தக் கட்டி கலைந்து பரவ நேரமில்லை. சராசரியில் காற்று வாரி வழிகிறது, துகள் பக்கத்தில் பட்டினி. சிஓ (கார்பன் மோனாக்சைடு) அனலைசரை விநாடிக்கு ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். சீரான இடைவெளியில் முட்கள் போல எழுந்தால் ஃபீடர்தான். இந்தத் துடிப்பு கார்பனோடு நிற்பதில்லை. பட்டினி நேரத்தில் இரும்பு ஃபெரஸ் நிலைக்குப் போய்ச் சாம்பலின் உருகுநிலை இறங்கும், ஒட்டுதல் கூடும். உங்கள் மூன்றாவது பிரச்சினையில் ஒரு பங்கு இங்கிருந்தும் வரலாம்.

ஸ்க்ரூவை விட்டுவிட்டு, சிரிஞ்ச் பம்பு மாதிரி அடியிலிருந்து மெல்லத் தள்ளும் குழாய் ஃபீடருக்கு மாறுங்கள். கண்ணாடிக் குழாயில் தூள், மோட்டார் அதை மேலே தள்ளும், மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் நுண்குழாய் பிரைமரி காற்றோடு தூளை அள்ளிப் போகும். வெளியே ஒரு சின்ன அதிர்வி. ஃபீடர் முழுவதையும் தராசின் மேல் வைத்து எடைக் குறைவைப் பதிவு செய்யுங்கள். கடத்தும் குழாய் 3 மிமீ எஸ்எஸ், வளைவு இல்லாமல், எர்த் கொடுத்து. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், நிலைமின்சாரத்தில் நுண்தூள் சுவரில் ஒட்டி, பிறகு கட்டியாகக் கழன்று விழும்.

மேலே இருக்கும் இன்ஜெக்டர் நீர்க்குளிர்ச்சி இல்லாமல் இருந்தால் அதையும் மாற்றுங்கள். முனையிலேயே கரி சூடாகி இளகினால் அடைப்பு. இன்ஜெக்டர் நேர் மையத்தில் இருக்கிறதா என்று குண்டுநூல் விட்டுப் பாருங்கள். உங்கள் ஓட்டம் ரெனால்ட்ஸ் எண் 100 அளவில், சுத்த லாமினார் (சுழல் இல்லாத சீரான ஓட்டம்). சராசரி வேகம் விநாடிக்கு 40 செமீ, மையத்தில் 80. மையத்திலிருந்து ஒதுங்கிய துகள் மெதுவாகப் போகும், சுவரிலும் ஒட்டும்.

---

சாம்பல்மேடு எழுதியது:

மேலே சொன்னதில் ஒன்றோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே அளவு சாம்பல் கடந்தபின் ஒப்பிடு என்பது மோதி ஒட்டும் பெரிய துகளுக்குச் சரி. முதல் படலம் அப்படி உருவாவதில்லை. குழாய்மேல் முதலில் வருவது 3 மைக்ரானுக்குக் கீழான நுண்சாம்பலும் ஆவியாகி வந்து குளிர்ந்து படியும் ஆல்கலி சல்ஃபேட்டும். சூடான வாயுவிலிருந்து குளிர்ந்த உலோகத்தை நோக்கி வெப்பநிலை வித்தியாசமே அந்த நுண்துகளைத் தள்ளும். அது நேரத்தையும் வெப்பநிலைச் சரிவையும் பொறுத்தது. மொத்தச் சாம்பலைப் பொறுத்தது அல்ல. 16 நிமிட ஓட்டத்தில் தால்ச்சருக்கு அந்தப் படலம் சரியாக உருவாகியே இருக்காது. இரண்டு வரிசையும் ஓட்டுங்கள்: சம சாம்பல் ஒன்று, சம நேரம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு தகவல்.

இனி கலவை விஷயம். உருகுநிலை மட்டும் ஏன் போதாது என்று கணக்குப் போட்டே காட்டலாம். 70:30 கலவையில் மொத்தச் சாம்பல் 29.5 சதவீதம். அதில் இந்தோனேசியாவின் பங்கு 1.5. அதாவது சாம்பலில் 5 சதவீதம்தான் இந்தோனேசியா. தால்ச்சர் சாம்பலில் கால்சியம் ஆக்சைடு 1.5 சதவீதம், இந்தோனேசியச் சாம்பலில் 15 என்று வைத்துக்கொண்டால் (உங்கள் கரிக்கு, எக்ஸ்-கதிர் பகுப்பாய்வான எக்ஸ்ஆர்எஃப் தந்த உங்கள் எண்ணைப் போடுங்கள்), கலவையில் 2.2 சதவீதம். 50:50-இல் 3. சிலிகாவும் அலுமினாவும் மண்டிக்கிடக்கும் சாம்பலில் இந்த வித்தியாசத்தை உருகுநிலைச் சோதனை கவனிக்கவே கவனிக்காது. அடிப்படை-அமில விகிதத்தை (சுண்ணாம்பு, இரும்பு முதலியவற்றைச் சிலிகா, அலுமினா முதலியவற்றால் வகுப்பது) கந்தகத்தால் பெருக்கும் ஸ்லாகிங் குறியீடும் அப்படித்தான். அது கந்தகம் கூடிய பிட்டுமினஸ் கரிக்காக வந்த குறியீடு, 0.6-க்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லும். அரை சதவீதம் கந்தகம் உள்ள நம் கரி எப்போதும் 0.6-க்கு எவ்வளவோ கீழேதான் விழும். கிளிங்கர் விழும் நாளிலும் அப்படியேதான் விழும்.

30:70-க்குப் போனால் கதை வேறு. சாம்பலில் இந்தோனேசியாவின் பங்கு 23 சதவீதம், கால்சியம் ஆக்சைடு நாலரைக்கு ஏறும். கூடவே இரும்பும். சிலிகா-அலுமினா-சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்தால் 1170 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் கலவை ஒன்று உண்டு, அனார்தைட் பக்கத்தில். உங்கள் பட்டியலில் 30:70 இல்லவே இல்லை. நீங்கள் தேடும் இடம் அதுதான் என்பது என் கணிப்பு.

ஆனால் உருகுவதற்குச் சராசரி தேவையில்லை என்பதே முக்கியம். பறக்கும்போது தால்ச்சர் துகளும் இந்தோனேசியத் துகளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒவ்வொரு கரித்துகளும் தன் சாம்பலைத் தானே உருவாக்கும். குழாய்மேல் வந்து சேர்ந்தபின்தான் சந்திப்பு. சுண்ணாம்பும் இரும்பும் கூடிய சில துகள்கள் இளகிய நிலையில் வந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்; அதன்பின் மோதும் தால்ச்சர் சாம்பல், தான் இளகாமலே அதில் சிக்கும். தனி இந்தோனேசியாவில் பிசின் இருக்கிறது, சிக்குவதற்குச் சாம்பல் இல்லை. தனி தால்ச்சரில் சாம்பல் இருக்கிறது, பிசின் இல்லை. உங்கள் இரண்டாவது பிரச்சினை முரண்பாடே அல்ல.

மூன்றாவது பிரச்சினைக்கு ஒரு சோதனை. ஃபீடர் வாயில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூள் பிடித்து, ஐஎஸ் 1350 படி 815 டிகிரியில் சாம்பல் பாருங்கள். 50:50-க்கு 22.5 வர வேண்டும். ஓட்டத்தின் தொடக்கத்தில் 19, முடிவில் 27 என்று வந்தால், ஹாப்பரில் (ஃபீடரின் தூள் தொட்டி) அதிர்வு கொடுத்துக் கொடுத்துக் கனமான தால்ச்சர் துகளையும் லேசான இந்தோனேசியத் துகளையும் நீங்களே பிரித்துவிடுகிறீர்கள் என்று அர்த்தம். ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் ஃபீடரில் போடாதீர்கள். முடிந்தால் தனித்தனி ஃபீடர் இரண்டு.

தூள் தயாரிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. பலரும் 53-75 மைக்ரான் என்று சல்லடை போட்டு ஒரு துண்டை மட்டும் எடுப்பார்கள். எரிதல் வேகம் அளக்க அது சரி. படிவுச் சோதனைக்குக் கூடாது. களிமண்ணும் பைரைட்டும் எல்லாச் சல்லடைத் துண்டிலும் சமமாக இருப்பதில்லை; ஒவ்வொரு துண்டிலும் சாம்பல் பார்த்தால் தெரியும். பாய்லரில் போவது போலவே 70 சதவீதம் 75 மைக்ரானுக்குக் கீழ், 300 மைக்ரானுக்கு மேல் 2 சதவீதத்துக்குள் என்று முழுத் தூளாகப் போடுங்கள். இரண்டு கரியையும் தனித்தனியே அரைத்துக் கலந்தீர்களா, கலந்து அரைத்தீர்களா என்றும் அறிக்கையில் எழுதுங்கள். நிலையத்தில் ஒரே மில்லில் இரண்டும் போகும்போது, கடினமான கரி பருமனாக வெளியே வரும்.

இந்தோனேசியக் கரியை 105 டிகிரி அவனில் ஓர் இரவு போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆக்சிஜன் ஏறிக் கரியின் குணமே மாறும், தட்டில் தடிமனாகப் பரப்பியிருந்தால் தானாகவே புகையும். 40 டிகிரிக்குள் மெல்லிய படலமாக உலர்த்தி, அரைத்ததை நைட்ரஜன் அடைத்த டப்பாவில் வையுங்கள்.

---

கரித்தூள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சிஓ பதிவை ஒரு விநாடிக்கு மாற்றிப் பார்த்தேன், முட்கள் இருக்கின்றன. ஸ்க்ரூ சுற்றும் இடைவெளியோடு அச்சாகப் பொருந்துகின்றன. ஃபீடரை மாற்றுகிறோம்.

இரண்டு கேள்வி. கார்பன் 11 சதவீதம் என்று பார்த்து மிரண்டுபோனோம். இரண்டு கரிக்கும் அதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளலாமா? மற்றொன்று, ப்ரோப் இருக்கும் இடத்தில் வாயு வெப்பநிலையை எப்படி நம்பி அளப்பது? பி வகைத் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி இணை) சுவர் வெப்பநிலையையே காட்டுகிற மாதிரி இருக்கிறது.

---

உலைவாசல் எழுதியது:

ஒரே மாதிரி எடுக்கவே கூடாது. சாம்பலை அடையாளமாக வைத்துக் கணக்கிடுங்கள். கரியின் சாம்பல் 40, சேகரித்ததில் சாம்பல் 90 (எரியாதது 10) என்றால் எரிந்தது 92.6 சதவீதம். கரியின் சாம்பல் 5, சேகரித்ததில் அதே 90 என்றால் எரிந்தது 99.4 சதவீதம். எரியாத பங்கு ஒன்றே, இழப்பு பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். தால்ச்சரில் 3 சதவீதத்தைக் கண்டு கவலைப்படுங்கள், இந்தோனேசியாவில் 10-ஐக் கண்டு பதற வேண்டாம்.

இந்தக் கணக்கு சாம்பல் உலைக்குள் ஆவியாகாது, எடை கூடாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. 5 சதவீதச் சாம்பல் கரியில் அரை சதவீதப் பிழையே இழப்புக் கணக்கைப் பத்தில் ஒரு பங்கு மாற்றிவிடும். சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடித்துச் சல்ஃபேட்டாகி எடை கூடினாலும் அப்படித்தான். எல்ஓஐ (சூடாக்கும்போது இழக்கும் எடை) எடுப்பதை மட்டும் நம்பாமல், சில மாதிரிகளுக்குக் கார்பன் அனலைசரில் நேரடியாகவே பாருங்கள். சுண்ணாம்பு கூடிய சாம்பல் காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமிலவாயுவையும் வாங்கிக்கொள்ளும், எல்ஓஐ அதையும் கார்பனாகக் காட்டிவிடும்.

சேகரிக்கும் ப்ரோப்பில் சில்லென்ற தண்ணீர் ஓட்டினால் புகையின் ஈரம் உள்சுவரில் படிந்து சாம்பல் சேறாகும். 60 டிகிரி வெந்நீர் ஓட்டுங்கள், முனையிலேயே நைட்ரஜன் அடித்து எரிதலை நிறுத்துங்கள், ஃபில்டரை 120 டிகிரியில் வையுங்கள்.

வெப்பநிலைக்கு: பாய்லரில் என்றால் சக்‌ஷன் பைரோமீட்டர் (வாயுவை உறிஞ்சி அதன் வெப்பநிலை அளக்கும் கருவி) போதும். உங்கள் உலையில் அது இழுக்கும் வாயுவே மொத்த ஓட்டத்தைக் கலைத்துவிடும். 0.5, 0.3, 0.1 மிமீ கம்பியில் மூன்று திறந்த முனைத் தெர்மோகப்பிள் எடுங்கள். ஒரே இடத்தில் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து அளந்து, விட்டத்துக்கு எதிராக வரைந்து, விட்டம் பூஜ்யத்துக்கு நீட்டினால் வாயுவின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் வருவீர்கள். தூள் ஓடும்போது மெல்லிய முனையில் சாம்பல் பிடிக்கும், அதனால் இதைத் தூள் இல்லாமல் வெறும் வாயுவில் செய்யுங்கள்.

மூன்று மண்டலமும் 1400 என்பதும் சரியில்லை. மேல் இரண்டும் 1400 இருக்கட்டும், கீழ் மண்டலத்தை 1150-1200-க்கு இறக்குங்கள். ப்ரோப் நிற்க வேண்டியது, பாய்லர் உலையிலிருந்து வாயு வெளியேறும் இடத்தின் வெப்பநிலையில். சுடரின் நடுவில் அல்ல.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்று: உங்கள் ப்ரோப்பில் பெரும்பாலான சாம்பல் மோதவே மோதாது. பாய்லரில் வாயு விநாடிக்கு 10 மீட்டர், குழாய் 50 மிமீ. ஸ்டோக்ஸ் எண் கணக்குப்படி சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள், வாயு வளைந்து போனாலும் தான் வளையாமல் குழாயில் மோதும். உங்கள் உலையில் வேகம் அரை மீட்டர் அளவு, குழாய் 16 மிமீ. அங்கே அந்த எல்லை 25-35 மைக்ரான். பாய்லரில் மோதும் 10-25 மைக்ரான் சாம்பல் முழுக்க உங்கள் ப்ரோப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

தீர்வு: ப்ரோப்புக்கு மேலே அலுமினாக் கூம்பு ஒன்று, 70-லிருந்து 25 மிமீக்குச் சுருங்கட்டும், பக்கச் சாய்வு 15 டிகிரிக்குள், நீளம் 85 மிமீ வரும். வாயில் வேகம் 3 மீட்டருக்குப் பக்கம் ஏறும். அதன் கீழே 25 மிமீ இடைவெளி விட்டு 10 மிமீ ப்ரோப் வைத்தால் எல்லை 10 மைக்ரானுக்கு இறங்கும், பாய்லரைப் போலவே. ப்ரோப்பைக் கூம்பின் வாய்க்குள் திணிக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும். கூம்பு துகளை நடுவுக்குக் குவிக்கும் என்பதால், வளையத்தை நோக்கி வரும் சாம்பல் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டு ஊகிக்காமல், ப்ரோப் இல்லாமல் அதே இடத்தில் ஐசோகைனெடிக்காக (வாயு ஓடும் அதே வேகத்தில்) இழுத்து அளந்துகொள்ளுங்கள். கூம்பின் மேலும் சாம்பல் படியும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எடை போடுங்கள். இந்தோனேசியா கூடிய கலவைகளில் சுண்ணாம்பு-இரும்புக் கசடு அலுமினாவையே தின்னும். மாற்றுக் கூம்பு இரண்டு கையில் இருக்கட்டும்.

---

நெய்வேலிப்பக்கம் எழுதியது:

லிக்னைட்டோடு வேலை செய்பவர்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

உலர்த்திய கரியை எரிக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். இந்தோனேசியக் கரி கப்பலிலிருந்து இறங்கும்போது ஈரம் 25-35 சதவீதம். எங்கள் லிக்னைட்டில் பாதி தண்ணீர். அதனால்தான் இங்கே மில்லுக்கு உலையின் மேல்பகுதியிலிருந்து சூடான புகைவாயுவையே இழுத்து உலர்த்துகிறார்கள், அந்த நீராவி முழுக்க உலைக்குள்ளேயே போகும். ஆய்வகத்தில் உலர்த்திவிட்டால் அந்த நீராவி இல்லை, துகளின் வெப்பநிலையும் கூடும். செகண்டரி காற்றில் அளந்து நீராவி சேர்க்க முடிந்தால் சேருங்கள். வெந்நீரில் குமிழ விட்டு அனுப்பினாலே போதும், ஆனால் அதிலிருந்து உலைவரை குழாயைச் சூடாக வைக்க வேண்டும்.

அடுத்தது படிவை வெட்டிப் பார்ப்பது. எடை மட்டும் எடுத்துவிட்டுச் சுரண்டி எறிவது வீண். வளையத்தோடு சேர்த்தே எபாக்ஸியில் ஊற்றி, குறுக்கே அறுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உலோகத்திலிருந்து வெளிப்பக்கமாக அடுக்கடுக்காகத் தனிமம் பாருங்கள். உலோகத்தை ஒட்டிச் சோடியம், கந்தகம், கால்சியம் கூடி, வெளியே போகப் போகச் சிலிகா ஏறினால் மேலே சொன்ன பிசின் கதை உண்மை. ஒரே மாதிரி அடுக்காக இருந்தால் வெறும் மோதல்தான். எபாக்ஸி ஊற்றும் முன் படிவைத் தட்டக் கூடாது. ப்ரோப்பை உலையிலிருந்து எடுக்கும்போதே பாதி உதிர்ந்துவிடும், அதனால் குளிர்க்காற்றைச் சட்டென்று நிறுத்தாமல், ப்ரோப்பைச் சிறுகச் சிறுக இறக்குங்கள். உதிர்ந்ததைத் தட்டில் பிடித்துத் தனியே எடை போடுங்கள். ஒட்டியது எவ்வளவு, உதிர்ந்தது எவ்வளவு என்பது சூட் ப்ளோயர் (குழாயில் படிந்த சாம்பலை ஊதி உதிர்க்கும் கருவி) வேலை செய்யுமா என்பதற்கு ஒரு முதல் குறிப்பு. மெதுவாக இறக்குவது அலுமினாக் குழாய்க்கும் நல்லது. வேகமாக இறக்கினால் விரிசல் விழலாம்.

ஃபௌலிங்கும் (உலையைத் தாண்டிய சூப்பர்ஹீட்டர் பக்கக் குழாய்களில் படிவது) பார்க்கிறீர்களா? அப்படியானால் தனி ஓட்டம் வேண்டும்: வாயு 850-950, உலோகம் 550-600. 1200-இல் எடுத்த படிவை வைத்துச் சூப்பர்ஹீட்டர் பக்கத்துக்கு எதுவும் சொல்ல முடியாது. நெய்வேலியில் தொந்தரவே கால்சியம் சல்ஃபேட் இறுகிப்போவதுதான். அதற்கு நேரம் தேவை. 45 நிமிடப் படிவு விரலால் தேய்த்தால் போய்விடும், நாள்கணக்கில் விட்டால் கல்லாகும். அதைப் பார்க்கச் சாம்பலை வில்லையாக அழுத்தி, சல்ஃபர் டை ஆக்சைடு கலந்த வாயுவில் 800 முதல் 1000 டிகிரிவரை மணிக்கணக்கில் வைத்து, பிறகு நசுக்கும் பலம் அளப்பது மலிவான வழி.

---

பங்கர்லெவல் எழுதியது:

நிலையத்தில் இருந்து ஒரு குறுக்கீடு. இவ்வளவும் செய்தபின் இந்த எண்ணை வைத்து 210 மெகாவாட் பாய்லரில் கிளிங்கர் விழுமா விழாதா என்று சொல்லிவிட முடியுமா?

---

சாம்பல்மேடு எழுதியது:

விழுமா என்று சொல்ல முடியாது. எந்தக் கலவை எதைவிட மோசம், எந்த விகிதத்தில் திருப்பம் வருகிறது என்று வரிசைப்படுத்தலாம். உங்கள் உலையில் பர்னர் ஒன்றில் காற்று குறைந்து சுவர் ஓரம் ஆக்சிஜன் இல்லாமல் போனாலே, நல்ல கலவையும் கிளிங்கர் கட்டும்; இந்த உலையில் அது தெரியாது. வேண்டுமானால் அதே கலவையை 2 சதவீத ஆக்சிஜனிலும், வேண்டுமென்றே காற்றைக் குறைத்தும் ஓட்டி, பிடிப்பு விகிதம் எவ்வளவு எகிறுகிறது என்று பார்க்கலாம். ஆக்சிஜன் இறங்கினால் எது சட்டென்று மோசமாகிறதோ அந்தக் கலவையில் பர்னர் சமநிலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

சுடர், சுழல், சுவர் வெப்பம் எல்லாம் சேர்த்துப் பார்க்க மெகாவாட் அளவு சோதனை உலை தேவை. 4000 கிலோகலோரி கரியில் ஒரு மெகாவாட் வெப்பத்துக்கு மணிக்கு 215 கிலோ போகும், டன்கணக்கில் மாதிரி வேண்டும். திருச்சி பெல் வளாகத்தில் எரிபொருளை மதிப்பிடும் சோதனை உலை உண்டு. அங்கே கொண்டுபோகும் முன் எந்த இரண்டு கலவையைக் கொண்டுபோவது என்று முடிவு செய்யத்தான் கரித்தூளின் உலை.

---

கரித்தூள் எழுதியது:

கூம்பு வரைபடம் போட்டாயிற்று. 30:70-ஐயும் 3.5, 2 சதவீத ஆக்சிஜன் ஓட்டங்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். குறுக்குவெட்டு மெருகேற்றத் தண்ணீரும் எமரித் தாளும் போதுமா?

---

நெய்வேலிப்பக்கம் எழுதியது:

தண்ணீர் தொடவே வேண்டாம். சோடியம் சல்ஃபேட் கரைந்து போய்விடும், கால்சியம் சல்ஃபேட்டிலும் கொஞ்சம் போகும், பிறகு முதல் படலத்தில் கந்தகமே இல்லை என்று எழுதுவீர்கள். அறுப்பதற்கு எண்ணெய், தேய்ப்பதற்கு உலர்ந்த எமரி, கடைசி மெருகுக்கு எண்ணெயில் கலந்த வைரப் பசை, கழுவ நீரற்ற எத்தனால். எபாக்ஸியை வெற்றிடத்தில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நுண்துளைக்குள் இறங்காமல் படிவு தேய்க்கும்போதே பெயர்ந்து வரும்.